கோல்ட் ஃப்ரண்ட்: மாலை 5 மணிக்குள் ஒரு சொல் வேண்டும்

ரொறன்ரோவிலிருந்து, வெள்ளி காலை 10.05

கலைச்சொல் குழுவில் எல்லோருக்கும் வணக்கம். எங்கள் முதியோர் சங்கத்தின் தொலைபேசிச் சேவையில் வெள்ளிதோறும் வார இறுதி வானிலையை நான்தான் வாசிக்கிறேன். நாளைக்குப் பூங்காவில் ஒன்றுகூடல். தெற்கு ஒன்ராறியோவுக்கு வந்திருக்கும் முன்னறிவிப்பு இப்படி: சனி 32 பாகை, ஹியூமிடெக்ஸ் (ஈரத்தையும் சேர்த்து உடம்பு உணரும் சூடு) 40. பிற்பகலில் ஒரு கோல்ட் ஃப்ரண்ட் (சூடான காற்றைத் தள்ளிக்கொண்டு வரும் குளிர்காற்றின் முன்விளிம்பு) இடிமழையோடு கடந்துபோகும். ஞாயிறு 23 பாகை, ஈரம் குறைந்த காற்று.

போன கிழமை "குளிர்முகம் வருகிறது" என்று வாசித்தேன். ஒரு அம்மா அழைத்து, "ஆர் தம்பி வாறது?" என்று கேட்டார். 5 மணிக்குப் பதிவு. கோல்ட் ஃப்ரண்டுக்கு எல்லோருக்கும் விளங்குகிற ஒரு தமிழ்ச்சொல் தந்து உதவுங்கோ.

மதுரையிலிருந்து

அந்த அம்மா கேட்டது சரியான கேள்வி. முகம் என்பதே பிழை. இந்தக் கருத்தை வகுத்தவர்கள் நார்வேயின் பெர்கன் நகரில் இருந்த வில்ஹெல்ம் பியர்க்னஸ், அவர் மகன் யாக்கோப், அவர்களோடு வேலை செய்தவர்கள். முதல் உலகப்போர் முடிந்த கையோடு, இரண்டு படைகள் மோதும் போர்முனையை மனத்தில் வைத்து இட்ட பெயர் ஃப்ரண்ட். ஆகவே நமக்கும் படைச்சொல்தான் வேண்டும். குறள் 767: "தார்தாங்கிச் செல்வது தானை." பரிமேலழகர் இங்கே தாருக்குத் தூசிப்படை, அதாவது முன்னே செல்லும் படை, என்று உரை சொல்கிறார். தொல்காப்பியத்தில் தார்நிலை என்று ஒரு துறையே உண்டு. தண் + தார் = தண்டார். நான்கே எழுத்து (மெய்யை நீக்கி எண்ணினால் இரண்டு).

சிங்கப்பூரிலிருந்து

ஐயா, தண்டாரைப் புலவர்கள் குளிர்ந்த மாலை என்று படிப்பார்கள். மற்றவர்களுக்கு ரோடு போடுகிற தார். தூசி என்று வைத்தாலோ துடைப்பம் தேடுவார்கள். கனடாவில் நாற்பது வருடம் இருந்தவருக்கு ஃப்ரிட்ஜ் தெரியும், ஃப்ரண்ட் மட்டும் தெரியாதா? கோல்ட் ஃப்ரண்ட் என்றே வாசித்துவிடுங்கள்.

மதுரையிலிருந்து

அப்படியானால் இந்தக் குழு எதற்கு?

மட்டக்களப்பிலிருந்து

காற்றின் பெயரை விட்டுவிட்டு ஏன் படையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறீர்கள்? ஃப்ரண்ட் வருமுன் அங்கே தென்மேற்கிலிருந்து காற்று வீசும். அதன் ஈரம் பெரும்பாலும் மெக்சிகோ வளைகுடாவிலிருந்து ஏறி வருவது. ஃப்ரண்ட் போனதும் காற்று வடமேற்குக்குத் திரும்பிவிடும். வடக்கிலிருந்து வருவதை வாடை என்றுதானே சொல்லி வந்திருக்கிறோம்? வாடைமுகம் என்று வையுங்கோ. எங்கட பக்கம் கச்சான் காத்து என்றால் சின்னப் பிள்ளைக்கும் தெரியும், மலைக்கு அந்தப் பக்கம் ஈரத்தைக் கொட்டிவிட்டுச் சூடாக இறங்குகிற மேல்காத்து என்று. யாழ்ப்பாணத்தார் கச்சானை (நிலக்கடலையை) வறுத்துத் தின்பார்கள், அது வேறு கதை.

கோவையிலிருந்து

எங்கள் ஊரில் வாடை அடித்தால் மூக்கைப் பொத்துவோம். அதுவும் இருக்கட்டும். நெடுநல்வாடை தொடங்குவதே மழையில்தான். இலக்கியத்து வாடை நனைந்த காற்று, இவருக்கு வேண்டியது உலர்ந்த காற்று. போகிற போக்கில் ஒன்று: அது டொராண்டோ இல்லையா? ரொறன்ரோ என்று எழுதினால் எங்கள் பிள்ளைகளுக்கு வாசிக்க வரவில்லை.

யாழ்ப்பாணத்திலிருந்து

எங்கட பிள்ளைகளுக்கு வருகிறது. (இந்த இழை 2 நாளுக்கு இழுபடக்கூடாது, விடுவோம்.)

நான் புவியியல் படிப்பித்தவன். சொல்லுக்கு முன் சங்கதியைப் பார்ப்போம். குளிர்ந்த வளித்திணிவு கனமானது. அது சூடான காற்றுக்கு அடியில் ஆப்பு மாதிரி நுழைகிறது. மேலே தள்ளப்பட்ட ஈரக்காற்று கார்முகிலாகி இடிக்கிறது. நமக்கு இதில் ஒரு பழக்கத்தடை இருக்கிறது. ஊரில் வெயில் காலத்தில் இடி இடித்து மழை பெய்தால் ஒரு மணி நேரம் குளிரும், பிறகு முன்னையிலும் மோசமாகப் புழுங்கும். மழைதான் குளிர்ச்சி தந்தது, மழையோடு அதுவும் போய்விட்டது. அங்கே நடப்பது நேர் எதிர். குளிர்காற்று வந்ததால்தான் மழையே கிளம்பியது. மழை விட்ட பிறகு காற்று தங்கிவிடும். ஆள் மாறிப் புதுக் குடித்தனம் வந்த மாதிரி. சொல் இதைச் சொல்ல வேண்டும்.

கோவையிலிருந்து

வளித்திணிவா? நாங்கள் காற்றுத்திரள் என்போம். திணிவு இலங்கை வழக்கு, இங்கே நிறை. ஆனால் சங்கதி புரிந்தது. என் வாக்கு குளிர்முனை. முனை என்றால் சங்க காலத்திலும் போர்க்களம், இன்றைக்கும் போர்முனை என்கிறோம். மதுரை ஐயாவுக்கும் படை கிடைத்துவிடும்.

சிங்கப்பூரிலிருந்து

பேனா முனை, தெருமுனை, குமரிமுனை. குளிர்முனை என்றால் எனக்கு வடதுருவம்தான் ஞாபகம் வருகிறது.

ரொறன்ரோவிலிருந்து, பிற்பகல் 2.30

இன்னொரு சிக்கல். டியூ பாயின்ட் (காற்றின் ஈரம் நீராகப் படியத் தொடங்கும் வெப்பநிலை) 21இலிருந்து 11க்கு இறங்குகிறது. அதுதான் உண்மையில் உடம்புக்குத் தெரியப்போகும் மாற்றம். பனிநிலை என்று பாடநூல் சொல் பார்த்தேன். இங்கே பனி என்றால் ஸ்நோ. ஜூலையில் "பனிநிலை 11" என்று வாசித்தால் பூட்ஸ் தேடுவார்கள்.

மதுரையிலிருந்து

பனி என்பதே பழந்தமிழில் குளிரும் நீரும் நடுக்கமும். பனித்தல் என்றால் நடுங்குதல், கண்பனித்தல்...

யாழ்ப்பாணத்திலிருந்து

ஐயா, 5 மணி.

ரொறன்ரோவிலிருந்து, மாலை 4.40

பதிவு செய்யப்போவது இது:

"நாளை மத்தியானம் வரைக்கும் கடும் புழுக்கம். அதற்குப் பிறகு இடிமழை. மேற்கே வானம் கறுத்தால் மரத்துக்குக் கீழும் கூடாரத்துக்குள்ளும் நிற்க வேண்டாம், காருக்குள் ஏறுங்கோ. 2022 மே 21 அடித்த புயற்காற்று ஞாபகம் இருக்கும்தானே. மழையோடு காற்றும் மாறும். வடமேற்கிலிருந்து உலர்ந்த காற்று வந்து புழுக்கத்தை விரட்டும். ஞாயிறு யன்னலைத் திறந்து வைக்கலாம்."

'குளிர்' என்ற சொல்லையே எடுத்துவிட்டேன். 23 பாகையைக் குளிர் என்றால் இங்கே சிரிப்பார்கள். 'வறண்ட' என்றும் போடவில்லை. அது பஞ்சத்தை நினைப்பூட்டுகிறது. அறிக்கைகளுக்கு ஒற்றைச் சொல் வேண்டும்தான், வாக்கை எண்ணிச் சொல்லுங்கோ.

யாழ்ப்பாணத்திலிருந்து

தனி மடல்களையும் சேர்த்து எண்ணினேன். குளிர்முனை 4, குளிர்முகம் 3, கோல்ட் ஃப்ரண்ட் 2, வாடைமுகம் 1, தண்டார் 1. இப்போதைக்குக் குளிர்முனை. எனக்கு அதில் முழு மனமில்லை, காற்று மாறுவது அதில் எங்கேயும் இல்லை.

ரொறன்ரோவிலிருந்து, ஞாயிறு காலை

மழை 2.50க்கு வந்தது. எல்லோரும் காருக்குள். கொத்துரொட்டிக் கல்தான் நனைந்துபோனது. இன்றைக்கு அந்த அம்மாவே அழைத்தார்: "காத்து மாறிப்போச்சு தம்பி, நல்ல நித்திரை."

மதுரையிலிருந்து

மகிழ்ச்சி. ஆனால் வார்ம் ஃப்ரண்டுக்கு என்ன செய்வீர்கள்? வெம்முனையா? தண்டாருக்கு இணையாக வெந்தார் என்று நேற்றிரவே எழுதிவைத்தேன். "வெந்து போனார்" என்றும் படிக்கலாம் என என் மகள் சொல்கிறாள். என் வாக்கு ஒன்று எதிராக விழுந்தது என்பதைப் பதிவில் வையுங்கள்.