2031-இல் பெட்ஃபர்ட் யூனிவர்சல் பூங்கா திறக்குமா? பந்தயத்துக்கு யார் வருகிறீர்கள்?

செங்கல்சூளை:
பெட்ஃபர்டுக்குத் தெற்கே கெம்ப்ஸ்டன் ஹார்ட்விக்கில் யூனிவர்சல் கேளிக்கைப் பூங்கா வருகிறது என்று 2025 ஏப்ரல் 9-ஆம் தேதி பிரிட்டிஷ் அரசாங்கமும் கம்பெனியும் சேர்ந்து அறிவித்தார்கள். அன்றிலிருந்து எங்கள் பக்கம் எந்தப் பிறந்தநாள் வீட்டுக்குப் போனாலும் இதே பேச்சு. 476 ஏக்கர், 500 அறை ஹோட்டல், 2031-இல் திறப்பு, முதல் ஆண்டிலேயே 85 லட்சம் பேர், 28 ஆயிரம் வேலை, 2055-க்குள் நாட்டுக்கு 5,000 கோடி பவுண்ட் பலன். கேட்கக் கேட்க இனிக்கிறது.

நான் நம்பவில்லை. இந்த நாட்டில் பூங்கா கட்டுகிறவர்களைவிட பூங்கா அறிவிக்கிறவர்கள்தான் அதிகம். கோர்பியில் 1980-இல் உருக்காலை மூடி ஆயிரக்கணக்கானோர் வேலை இழந்து நின்றபோது, 'வொண்டர்வேர்ல்ட்' என்ற பூங்கா வருகிறது என்றார்கள். அது பெயர்ப்பலகைக்கு மேல் எழும்பவில்லை. ஆல்டன் டவர்ஸ் கேளிக்கைப் பூங்காவை நடத்திய ஜான் புரூம் 1987-இல் பேட்டர்சி மின்நிலையத்தை வாங்கி, உள்ளே பூங்கா கட்டப் போவதாகச் சொல்லிக் கூரையைப் பெயர்த்தார். 1989-இல் பணம் தீர்ந்தது. கூரையில்லாமல் அந்தக் கட்டடம் எத்தனை மழைக்காலம் நனைந்தது என்று லண்டனில் பழைய ஆட்களைக் கேளுங்கள். அது 2022-இல் திறந்தது, ஷாப்பிங் மாலாக.

அப்புறம் ஸ்வான்ஸ்கம். அங்கே வரும் என்று 2012-இல் அறிவித்த 'லண்டன் ரிசார்ட்' பூங்கா. பத்து வருடம் படம் காட்டினார்கள். 2022 மார்ச்சில் விண்ணப்பத்தைத் திரும்பப் பெற்றார்கள். 2025 ஜனவரியில் நீதிமன்றம் கம்பெனியையே கலைத்துவிட்டது. ஒரு ராட்டினம்கூடச் சுற்றவில்லை.

கடைக்காரன்_லூட்டன்:
தம்பி, நீங்கள் சொன்ன எல்லாரும் கல்யாணப் பத்திரிகை அடித்து ஊருக்கெல்லாம் கொடுத்துவிட்டு மாப்பிள்ளை தேடப் போனவர்கள். கையில் காசு கிடையாது, கடன் கொடுப்பவனைத் தேடினார்கள். இங்கே வருவது யூனிவர்சலின் முதலாளிக் கம்பெனி காம்காஸ்ட். ஒர்லாண்டோவிலும் ஒசாகாவிலும் சிங்கப்பூரிலும் பெய்ஜிங்கிலும் பூங்கா ஓடிக்கொண்டிருக்கிறது. நிலத்தை வாங்கி முடித்த பிறகுதான் 2023 கடைசியில் வாயே திறந்தார்கள். இவர்கள் தாலியைச் செய்து பெட்டியில் வைத்துவிட்டுப் பத்திரிகை அடித்தவர்கள். இரண்டையும் ஒரே தட்டில் வைத்து நிறுக்காதீர்கள்.

2025 டிசம்பரில் அனுமதியும் கிடைத்துவிட்டது. கவுன்சிலில் வருடக்கணக்கில் இழுபடாமல், அரசாங்கமே தனி ஆணை போட்டுக் கொடுத்தது. இதற்கு மேல் என்ன வேண்டும்?

செங்கல்சூளை:
அண்ணை, அந்தத் தனி ஆணைதான் எனக்கு உறுத்துகிறது. நான் வீடுகளுக்குப் பின்பக்கம் எக்ஸ்டென்ஷன் கட்டும் வேலை செய்பவன். ஒரு சமையலறையை மூன்று மீட்டர் நீட்டிவிட்டு, பக்கத்து வீட்டுக்காரரின் வெளிச்சம் மறைகிறதா என்று கவுன்சிலோடு மாதக்கணக்கில் மல்லுக்கட்டியிருக்கிறேன். அங்கே 115 மீட்டர் உயரம் வரை எழுப்பலாமாம். பிக் பென் 96 மீட்டர்தான்.

காசு இருக்கிறது என்பதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் யூனிவர்சலுக்கும் இங்கே ஒரு பழைய கதை உண்டு. 1980-களின் கடைசியில் இதே பெயர் லண்டனுக்குக் கிழக்கே ரெய்னம் சதுப்பு நிலத்தில் ஸ்டூடியோவும் பூங்காவும் கட்டுவதாகச் சொன்னது. இப்போது அங்கே பறவைகள் சரணாலயம். குருவிகளுக்கு நல்லதுதான்.

கோஸ்டர்_பைத்தியம்:
நான் வேறு ஒரு சந்தேகத்தோடு வருகிறேன். பூங்கா வரும். ஆனால் அதில் ரோலர் கோஸ்டர் எவ்வளவு, திரை எவ்வளவு? யூனிவர்சல் ரைடுகள் பலவற்றில் உங்களை ஒரு வண்டியில் உட்காரவைத்து, முன்னால் முப்பரிமாணப் படத்தை ஓட்டி, வண்டியைக் குலுக்கிவிட்டு அனுப்பிவிடுவார்கள். மழைக்கு அது வசதி. வயிற்றுக்குள் பட்டாம்பூச்சி பறக்காது.

உயரத்தைக் கண்டு நான் மயங்குவதில்லை. ஆல்டன் டவர்ஸில் மரங்களின் உச்சிக்கு மேல் எதுவும் தெரியக்கூடாது என்று கட்டுப்பாடு. அதனால் 1994-இல் நெமிசிஸ் என்ற கோஸ்டரை வானத்துக்கு ஏற்றாமல் பாறையை வெட்டிப் பள்ளத்துக்குள் இறக்கினார்கள். கால் அந்தரத்தில் தொங்க, பாறைச் சுவர் முழங்காலை உரசுவதுபோல் வந்து விலகும்போது வேகம் இரட்டிப்பாகத் தெரியும். தோர்ப் பார்க் பூங்காவின் ஹைபீரியா கோஸ்டர் 236 அடி, நாட்டிலேயே உயரமானது. என்னைக் கேட்டால் நெமிசிஸ் பக்கத்தில் நிற்காது. பெட்ஃபர்டில் செங்கலுக்குத் தோண்டிய பழைய களிமண் குழிகள் இருக்கின்றனவே, அதற்குள் ஒன்றை இறக்கினால் நான் முதல் ஆளாக வரிசையில் நிற்பேன்.

மழைக்காலம்:
வரிசை என்றதும் நினைவுக்கு வருகிறது. போன வருடம் ஆகஸ்டில் ஒரு பூங்காவுக்கு, பெயர் வேண்டாம், பிள்ளைகள் இரண்டு பேரையும் கூட்டிக்கொண்டு போனோம். பெரிய ரைடுக்கு ஒரு மணி ஐம்பது நிமிடம் நின்றோம். எங்களுக்கு முன்னால் பத்துப் பன்னிரண்டு பேர்தான் பாக்கி. அப்போது தூறல் ஆரம்பித்தது. ஒரு பையன் வந்து சங்கிலியைப் போட்டுவிட்டு "தொழில்நுட்பக் கோளாறு" என்றான். என் சின்னவன் அழவில்லை. கையில் இருந்த சிப்ஸ் பொட்டலம் நனைந்து கூழாகிக் கீழே விழுந்தது, அதைப் பார்த்தபடியே நின்றான். திரும்பி வரும்போது வண்டி நிறுத்தக் கட்டணம் வேறு.

ஒர்லாண்டோவில் மழை வந்தால் அரை மணியில் வெயில் அடிக்கும். இங்கே காலையில் பிடித்தால் இரவு வரை விடாது. வருடம் முழுக்கத் திறந்திருக்குமாம். ஜனவரியில் நாலு மணிக்கே இருட்டிவிடும் ஊரில் யார் போவார்கள் என்று நான் கேட்டால், என் வீட்டுக்காரர் "நீ போகாவிட்டால் போ, மற்றவர்கள் போவார்கள்" என்கிறார்.

கடைக்காரன்_லூட்டன்:
அக்கா, உங்கள் வீட்டுக்காரர் சொல்வது சரி. பாரிஸில் மட்டும் என்ன, ஜனவரியில் மாம்பழம் காய்க்கிறதா? அங்கே டிஸ்னியின் முதல் பூங்காவுக்கு மட்டுமே ஆண்டுக்குச் சுமார் ஒரு கோடிப் பேர் போகிறார்கள். நம் ஆட்களே பாதிப் பேர், கோடை விடுமுறை என்றால் டோவரில் கப்பல் ஏறி அங்கேதானே போய் நிற்கிறோம்? அந்தக் காசு இங்கே நிற்கட்டும் என்கிறேன்.

செங்கல்சூளை:
பாரிஸை நீங்களே இழுத்தது நல்லதாகப் போயிற்று. டிஸ்னி 1992 ஏப்ரலில் திறந்தது. உலகத்தில் அவர்களைவிடப் பூங்கா தெரிந்தவர் உண்டா? காசு இல்லையா? இருந்தும் இரண்டே வருடத்தில் மூழ்கும் நிலை. ஆட்கள் வராமல் இல்லை. வந்தவர்கள் ஹோட்டலில் தங்கவில்லை, கணக்குப் போட்ட அளவுக்குச் செலவழிக்கவில்லை. 1994-இல் வங்கிகள் கடனைத் தள்ளிப்போட்டு, சவூதி இளவரசர் அல்வலீத் பணம் போட்டுத்தான் மூச்சு வந்தது. லாபம் பார்க்க 1995 ஆயிற்று.

இப்போது 85 லட்சத்துக்கு வாருங்கள். 365 ஆல் வகுத்தால் நாளுக்கு 23 ஆயிரம் பேர். மழை நாள், ஜனவரி செவ்வாய்க்கிழமை எல்லாம் சேர்த்து. ஆல்டன் டவர்ஸுக்கு ஆண்டு முழுவதும் வருவது 20 லட்சத்தைச் சற்றுத் தாண்டும், அவ்வளவுதான். பெட்ஃபர்ட் பரோவின் மொத்த சனத்தொகையே 2021 கணக்கெடுப்பில் ஒரு லட்சத்து 85 ஆயிரம். எட்டு நாளில் ஒரு ஊரே வந்து போக வேண்டும்.

ரயில்காரன்:
நான் சிக்னல் பிரிவில் இருப்பவன், பூங்கா பற்றி எனக்கு ஆசையும் இல்லை, கோபமும் இல்லை. இரண்டு விஷயம் மட்டும்.

ஒன்று, வந்து சேரும் வழி. பக்கத்தில் புதிதாக எழும்பிய விக்ஸம்ஸ் ஊரில் ஸ்டேஷன் வரும் என்று நம்பி வீடு வாங்கியவர்கள் உண்டு. முதல் குடும்பங்கள் குடிவந்தது 2009-இல். ஸ்டேஷனை இப்போதுதான் கட்டுகிறார்கள், அதுவும் பூங்காவுக்காகப் பெரிதாக்கி. தளத்தை ஒட்டிப் போவது பெட்ஃபர்ட்–பிளெட்ச்லி பாதை. மணிக்கு ஒரு ரயில். ஞாயிற்றுக்கிழமை ரயிலே கிடையாது. 2022 டிசம்பரில் ரயில்பெட்டி கொடுத்த கம்பெனி நொடித்துப்போனதால் ஏறக்குறைய ஒரு வருடம் பஸ்தான் ஓடியது. கெம்ப்ஸ்டன் ஹார்ட்விக்கில் ஒருநாள் மாலை இறங்கிப் பாருங்கள். நடைமேடை, கேட், காற்று. நாளுக்கு 23 ஆயிரம் பேர் என்ற எண்ணை அந்த இடத்தில் நின்று சொல்லிப் பார்த்தால் சிரிப்பு வரும்.

இரண்டு, ஆபத்து. யாரும் பேசாததால் சொல்கிறேன். கோஸ்டர் பாதையும் ரயில் பாதை மாதிரிதான், பகுதி பகுதியாகப் பிரித்திருப்பார்கள். ஒரு பகுதியில் வண்டி நின்றால் பின்னால் வரும் வண்டியைக் கணினி உள்ளே விடாது. 2015 ஜூன் 2-ஆம் தேதி ஆல்டன் டவர்ஸின் ஸ்மைலர் கோஸ்டரில் கணினி சரியாகத்தான் நிறுத்தியது. முன்னால் வெற்று வண்டி ஒன்று சிக்கி நின்றது தெரியாமல், மனிதர்கள் அந்தத் தடையை மீறி அடுத்த வண்டியை அனுப்பினார்கள். 16 பேருக்குக் காயம், இரண்டு இளம்பெண்களுக்கு ஒரு கால் போயிற்று. 50 லட்சம் பவுண்ட் அபராதம். இயந்திரத்தை வாங்கிவிடலாம். காலை எட்டு மணிக்கு அதைச் சோதித்துக் கையெழுத்துப் போடும் ஆட்களை வளர்க்க வருடங்கள் ஆகும்.

கோஸ்டர்_பைத்தியம்:
அதைத்தான் நானும் வீட்டில் சொல்லிக்கொண்டிருக்கிறேன், அம்மாவுக்குப் புரியவில்லை. கணினி நிறுத்தினால் அது பாதுகாப்பாக வேலை செய்கிறது என்று அர்த்தம். நடுவில் நின்ற ரைடைப் பார்த்து யாரும் பயப்பட வேண்டாம்.

மழைக்காலம்:
தம்பி, தலைகீழாகத் தொங்கும்போது நின்றால் அந்த விளக்கம் எனக்கு ஞாபகம் வராது.

கடைக்காரன்_லூட்டன்:
எல்லாம் சரி. செங்கல்சூளை தம்பியிடம் நேராக ஒன்று கேட்கிறேன், கோபிக்க வேண்டாம். 28 ஆயிரம் வேலையில் 20 ஆயிரம் கட்டட வேலை. உங்கள் தொழில்தானே? வீட்டு வாசலுக்கு வரும் வேலையை ஏன் எட்டி உதைக்கிறீர்கள்? பெட்ஃபர்டில் இத்தாலிக்காரர்கள் எப்படி இத்தனை பேர் வந்தார்கள்? 1950-களில் செங்கல் சூளை வேலைக்கு ஆள் இல்லாமல் தெற்கு இத்தாலியிலிருந்து கூட்டிவந்தார்கள். இன்று அவர்கள் பேரப்பிள்ளைகள் கடை வைத்திருக்கிறார்கள். பெரிய வேலை வந்தால்தான் ஊர் நிமிரும். இருக்கும் சூளையும் போய், ஸ்டூவர்ட்பியில் கடைசி நான்கு புகைபோக்கிகளையும் 2021-இல் வெடிவைத்துச் சாய்த்தாயிற்று. இனி அங்கே என்ன, களிமண்ணைத் தின்பதா?

செங்கல்சூளை:
கோபம் இல்லை அண்ணை. என் பெயரை வைத்தே கேட்டதால் சொல்கிறேன். பெட்ஃபர்ட் பக்கம் பழைய வீடு எதன் பின்சுவரை உடைத்தாலும் ஒரு கல் வரும். நடுவில் குழி, குழிக்குள் 'எல்பிசி', அதோடு 'ஃபோர்பிரஸ்' என்று அச்சு. லண்டன் பிரிக் கம்பெனி. நாலு தடவை அழுத்திய கல் என்பதைத்தான் அப்படி ஒரே சொல்லாகச் சுருக்கியிருக்கிறார்கள். நல்ல கல் ஒன்றை எடுத்து வைத்திருக்கிறேன், வீட்டில் கதவுக்கு அண்டை கொடுக்க. 2008-இல் ஸ்டூவர்ட்பி மூடியபோது அந்தக் கல்லைச் சுட்டவர்களிடமும் இப்படித்தான் "வேறு வேலை வரும்" என்று சொல்லியிருப்பார்கள்.

20 ஆயிரம் கட்டட வேலை என்கிறீர்கள். அது பெரிய ஒப்பந்தக்காரருக்குப் போகும். அவர் துணை ஒப்பந்தத்துக்கு விடுவார், அவர் இன்னொருவருக்கு. என்னிடம் வரும்போது நாள்கூலி எவ்வளவு மிஞ்சும் என்று எனக்குத் தெரியும். அதற்குள் வாடகை ஏறிவிடும். அறிவிப்பு வந்த வருடமே என் வீட்டுக்காரர் வாடகையை உயர்த்தினார். காரணம் கேட்டேன், "யூனிவர்சல் வருகிறதே" என்றார். இன்னும் ஒரு தூண் நடவில்லை!

திறந்த பிறகு நிற்கும் வேலை எட்டு ஆயிரம். நூற்றுக்கு எண்பது பேர் பெட்ஃபர்ட், லூட்டன், மில்டன் கீன்ஸ் பக்கத்து ஆட்களாகவே இருப்பார்கள் என்கிறார்கள். வரவேற்கிறேன். அதில் எத்தனை வருடம் முழுக்க, எத்தனை கோடைக்கு மட்டும்? அதை யாரும் சொல்லவில்லை.

கடைக்காரன்_லூட்டன்:
வாடகை விஷயத்தில் உங்கள் பக்கம் நிற்கிறேன். அந்த ஆள் செய்தது அநியாயம். ஆனால் அது வீட்டுக்காரரின் பேராசை, ராட்டினத்தின் குற்றம் இல்லை.

ரயில்காரன்:
ராட்டினம் வராமலே அவருக்குக் காசு வந்துவிட்டது பாருங்கள். அறிவிப்பிலேயே லாபம் பார்த்த முதல் ஆள்.

கோஸ்டர்_பைத்தியம்:
சரி, பந்தயம் என்று தலைப்பில் போட்டுவிட்டு யாரும் பந்தயம் கட்டவில்லையே?

கடைக்காரன்_லூட்டன்:
நான் கட்டுகிறேன். 2031 டிசம்பர் 31-க்குள் திறந்தால் செங்கல்சூளை தம்பி என் கடைக்கு வந்து ஒரு நாள் முழுக்கக் கொத்துரொட்டி கொத்த வேண்டும். திறக்காவிட்டால் இந்த இழையில் இருக்கிற எல்லாருக்கும் நான் கொத்துவேன், ஆட்டிறைச்சி போட்டு, காசு வாங்காமல்.

செங்கல்சூளை:
ஒத்துக்கொள்கிறேன், ஒரு நிபந்தனையோடு. வெறும் நாடா வெட்டினால் திறப்பு என்று கணக்கு வராது. ஒரு ஞாயிற்றுக்கிழமை பெட்ஃபர்ட்–பிளெட்ச்லி பாதையில் ரயில் ஏறி நான் அங்கே போய் இறங்க வேண்டும். இல்லாவிட்டால் நீங்கள்தான் கொத்த வேண்டும்.

ரயில்காரன்:
அண்ணை, இந்த நிபந்தனைக்குச் சம்மதிக்காதீர்கள். உள்ளே இருப்பவன் சொல்கிறேன்.

மழைக்காலம்:
எனக்கு ஆட்டிறைச்சி வேண்டாம், முட்டை போதும்.