பழந்தின்னி வௌவால் எச்சத்தில் மருந்துக்கு அடங்காத ஈ.கோலை: மாதிரி எடுப்பது எப்படி?

கேள்வி: அழகர்கோவில் பக்கத்து ஆலமரத்தடியில் எடுத்த வௌவால் எச்சத்தை, ஈ.கோலை என்ற குடல் பாக்டீரியாவைத் தேடி, மெக்காங்கி அகாரில் (குடல் பாக்டீரியாவை வளர்க்கும் கூழ்மத் தட்டு) போட்டால் ஒன்றுமே வளரவில்லை, இல்லையென்றால் கண்டதும் வளர்கிறது. எங்கே பிழை?

பதில்: தரையில் கிடப்பதை எடுக்காதீங்க, ஆட்டுப் புழுக்கையும் நாய்க்கழிவும் கலந்திருக்கும். விடியுமுன் பிளாஸ்டிக் விரிப்பைப் போட்டுவிட்டு, வௌவால்கள் திரும்பியதும் விழும் ஈர எச்சத்தை ஸ்வாபில் (பஞ்சு சுற்றிய குச்சி) எடுங்க. மென்று துப்பிய பழச்சக்கை எச்சம் அல்ல. பலரும் ஏமாறுவது இங்கேதான். கேரி-பிளேர் ஊடகத்தில் (மாதிரியில் உள்ள கிருமியை உயிரோடு கொண்டுசெல்லும் கூழ்) வைத்து, 4 டிகிரியில், 24 மணி நேரத்துக்குள் ஆய்வகம். மதுரை வெயிலில் காய்ந்ததை நம்பாதீங்க. நிபா அபாயம் உண்டு. என்95 முகக்கவசம், கையுறை கட்டாயம்.

பதில்: அகாரில் லிட்டருக்கு 1 மி.கி. செஃபோடாக்சிம் (ஓர் ஆன்டிபயாடிக்) சேருங்க, மருந்துக்கு அடங்காதவை மட்டும் வளரும். 50 டிகிரிக்கு ஆறியபின் சேர்க்கணும், கொதிக்கும்போது சேர்த்தால் மருந்து சிதைந்துவிடும். ஒப்பிட மருந்தில்லாத தட்டும் கூடவே வேண்டும். பிறகு வளர்ந்த கிருமியை 0.5 மெக்ஃபார்லண்ட் அளவு கலங்கலாகக் கரைத்து, முல்லர்-ஹிண்டன் அகாரில் (மருந்து வில்லை வைத்துச் சோதிக்கும் தட்டு) பூசி, வில்லைகளை வைத்து, 35 டிகிரியில் 16–18 மணி நேரம் வையுங்க. கிளாவுலனேட் (அந்த நொதியைத் தடுக்கும் பொருள்) சேர்ந்த வில்லையைச் சுற்றிக் கிருமி வளராத வட்டம், செஃபோடாக்சிம் மட்டும் உள்ள வில்லையின் வட்டத்தைவிட 5 மி.மீ. அல்லது அதற்கு மேல் பெரிதானால் இஎஸ்பிஎல், அதாவது ஆன்டிபயாடிக்கைச் சிதைக்கும் நொதி, இருக்கிறது.

பதில்: பக்கத்துக் கண்மாய்த் தண்ணீரையும் சோதிங்க சார். வௌவால்கள் பறந்தபடியே வயிற்றை நனைத்து, ரோமத்தை நக்கிக் குடிக்கும். சாக்கடை கலந்திருந்தால் கிருமி அங்கிருந்தே வந்திருக்கலாம்.