கணக்கீட்டுக் கட்ட வலையைத் திருப்பினால் விடை மாறுகிறது, உதவுங்கள்

வணக்கம் நண்பர்களே. நிலத்தடி எண்ணெய்ப் பாறைக்குள் தண்ணீரைச் செலுத்தி எண்ணெயை வெளியே தள்ளும் ஓட்டத்தைக் கணக்கிட பைத்தானில் ஒரு நிரல் எழுதியிருக்கிறேன். அடிப்படை டார்சி விதிதான் (நுண்துளைப் பாறையில் ஓட்ட வேகம் அழுத்தச் சரிவுக்கு நேர்விகிதம்). ஒவ்வொரு காலப் படியிலும் முதலில் அழுத்தம், அப்புறம் நீர்ப்பங்கு (பாறைத் துளைகளில் தண்ணீர் பிடித்திருக்கும் பங்கு).

ஒரு பரிமாணத்தில் தண்ணீர் எண்ணெயைத் தள்ளுவதற்கான 1942-இன் பக்லி–லெவரெட் தீர்வோடு நன்றாகவே பொருந்துகிறது. சிக்கல் இரு பரிமாணத்தில். கட்டங்கள் 50×50, எண்ணெயின் பாகுநிலை தண்ணீரைவிட 10 மடங்கு. தண்ணீர் செலுத்தும் கிணறும் எண்ணெய் எடுக்கும் உற்பத்திக் கிணறும் கட்டங்களின் மூலைவிட்டத்தில் இருந்தால் ஒரு விடை. வலையை 45 பாகை திருப்பி, கிணறுகளை இணைக்கும் கோடு கட்ட வரிசைக்கு இணையாக வந்தால், தண்ணீர் வெகு முன்னதாகவே உற்பத்திக் கிணற்றை எட்டிவிடுகிறது. பாறை அதேதான்! படத்தில் நீர்முனை வட்டமாகப் பரவாமல் அச்சுத் திசைகளில் விரல்போல் நீள்கிறது. 100×100 ஆக்கியும் சரியாகவில்லை.

கிணற்றுக்கு, அதன் அழுத்தத்தைக் கட்டத்தின் அழுத்தத்தோடு இணைக்கும் பீஸ்மன் சூத்திரப்படி சமான ஆரம் கட்ட அகலத்தில் சுமார் 0.2 என்றே வைத்திருக்கிறேன், அங்கே தவறு இருக்காது. ஒவ்வொரு கட்டத்தையும் பக்கத்து நான்கு கட்டங்களோடு மட்டும் இணைக்கும் ஐந்து புள்ளி முறையின் மேல்தான் சந்தேகம். நான்கு மூலைக் கட்டங்களையும் சேர்க்கும் ஒன்பது புள்ளிக்கு மாறினால் தீருமா? மாறியவர்கள் மூலைக் கட்டங்களுக்கு என்ன எடை கொடுத்தீர்கள்? எல்லை ஓரக் கட்டங்களை எப்படிக் கையாண்டீர்கள்? இரண்டு வாரமாக இதிலேயே நிற்கிறேன். கேட்டால் நிரலையும் படங்களையும் இங்கேயே பகிர்கிறேன்.