‘ப்ளீடிங்’ என்பதற்குக் ‘காற்றெடுப்பு’

நண்பர்களுக்கு வணக்கம்.

நம் கையேட்டின் கலைச்சொல் பட்டியலுக்கு, ஹைட்ராலிக் (திரவ அழுத்தத்தில் இயங்கும்) கிளட்ச் பராமரிப்பில் வரும் ‘ப்ளீடிங்’ (bleeding) என்ற சொல்லுக்குக் ‘குருதிவடிப்பு’ என்று ஒரு முன்மொழிவு வந்திருக்கிறது. என்னால் ஏற்க முடியவில்லை. இந்த வேலையில் திரவக் குழாயிலிருந்து வெளியேற வேண்டியது காற்று. அந்தக் காற்று இச்சொல்லில் எங்கே?

பட்டறையில் இதற்கு ஏற்கெனவே பெயர் உண்டு: ‘ஏர் எடுப்பது’. சென்ற வாரம் என் வண்டிக்கே செய்தோம். லீவரை முழுக்கப் பிடித்தாலும் முதல் கியரில் வண்டி முன்னே நகர்ந்தது. நியூட்ரல் விழவே இல்லை. லீவர் பஞ்சுபோல் அமுங்கியது. திரவம் அமுங்காது, காற்று அமுங்கும். கையின் அழுத்தத்தைக் குழாய்க்குள் இருந்த காற்றே விழுங்கிக்கொண்டிருந்தது. மெக்கானிக் கீழ்ச் சிலிண்டரின் நிப்பிளில் (திரவத்தை வெளியேவிடும் துளையுள்ள சிறு திருகில்) தெளிவான குழாயை மாட்டி, மறுமுனையைத் திரவத்தில் முக்கினார். “லீவரைப் பிடியுங்கள்” என்றார். நிப்பிளைச் சற்றே தளர்த்தியதும் கடுந்தேநீர் நிறத்தில் திரவமும், இடையிடையே குமிழிகளும் வந்தன. இறுக்கிய பிறகுதான் “விடுங்கள்” என்றார். முந்திக்கொண்டு விட்டிருந்தால் காற்று மறுபடி உள்ளே போயிருக்கும்.

எனவே ‘காற்றெடு’ என்பதே என் முன்மொழிவு. காற்றெடுத்தான், காற்றெடுக்காத கிளட்ச் என்று எளிதாக வளையும். நிப்பிள் ‘காற்றெடுப்புத் திருகு’ ஆகட்டும். டயரோடு குழம்பும் என்பவர்களுக்கு: டயரில் காற்றை இறக்குகிறோம், பிடுங்குகிறோம், எடுப்பதாகப் பொதுவாகச் சொல்வதில்லை.

காற்றே இல்லாதபோதும், பழைய திரவத்தை வெளியேற்ற இதே முறையைத்தான் கையாள்கிறோம். பல கையேடுகள் 2 ஆண்டுக்கு ஒருமுறை அதைச் செய்யச் சொல்கின்றன. அதைத் ‘திரவமாற்று’ என்று பிரித்துவிடலாம். ஆங்கிலத்தில் ஒரே சொல் இரண்டையும் சுமப்பதால் நாமும் அப்படிச் செய்ய வேண்டியதில்லை.

இன்னொன்றில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். கிளட்சில் ஊற்றும் ‘டாட் 4’ என்ற பிரேக் திரவத்தை ‘எண்ணெய்’ என்று எழுதாதீர்கள். அது ‘கிளைகால்’ (glycol) என்னும் வேதிப்பொருள் வகையைச் சேர்ந்தது; காற்றின் ஈரத்தை உறிஞ்சும். சில கிளட்சுகளுக்கு உண்மையிலேயே கனிம எண்ணெய்தான் ஊற்ற வேண்டும். ஒன்றுக்கு மற்றொன்றை ஊற்றினால் ரப்பர் சீல்கள் உப்பிக் கெட்டுப்போகும். நம் கையேட்டைப் படித்து ஒருவர் ‘எண்ணெய்’ வாங்கி ஊற்றினால் பழி நம்முடையது. ‘பிரேக் திரவம்’, ‘கனிம எண்ணெய்’ என்று இரு பதிவுகளாகவே பட்டியலில் ஏற்றும்படி கேட்டுக்கொள்கிறேன்.