ஜெர்மன் மொழி: அட்டவணையை மனப்பாடம் செய்வதா, பேசிப் பழகுவதா?

தாமரை:
செவிலியர் வேலைக்காக ஜெர்மன் படிக்கிறேன். தொடக்க நிலைகளில் ஏ1 முடிந்து ஏ2 போய்க்கொண்டிருக்கிறது. பெயர்ச்சொல்லுக்கு முன்னால் வந்து அதன் பாலைக் காட்டும் 'டெர், டி, டஸ்' நான்கு வேற்றுமைக்கும் எப்படி மாறும் என்ற அட்டவணையை ஆசிரியர் தினமும் ஒப்பிக்கச் சொல்கிறார். தோழியோ, வாக்கியங்களாகப் பேசிப் பழகினால் போதும் என்கிறாள். யார் சொல்வது சரி?

லைப்சிக்வாசி:
தோழி சொல்வதுதான் சரி. நான் இங்கு வந்த முதல் வாரம் ரொட்டிக் கடையில் நின்றேன். பன்மைக்கு என்ன விகுதி என்று மனதுக்குள் அட்டவணையைப் புரட்டி முடிப்பதற்குள், கடைக்கார அம்மா எனக்குப் பின்னால் நின்றவரைக் கவனிக்கப் போய்விட்டார். பின்னால் நின்றவர் கேட்டது ஒரே வாக்கியம்: 'இஷ் ஹெட்டெ கெர்ன் ட்ஸ்வை ப்ரோட்ஷன்', அதாவது 'எனக்கு இரண்டு சிறு ரொட்டிகள் வேண்டுமே'. அதிலுள்ள 'ஹெட்டெ'யின் இலக்கணத்தைப் பாடநூல் பிறகுதான் விளக்கும். ஆனால் பணிவாகக் கேட்க அது முதல் நாளே வேண்டும். மழையினால் என்பதற்கு இலக்கண நூல் 'வேகன் டெஸ் ரேகன்ஸ்' என்கிறது. என் அண்டை வீட்டார் 'வேகன் டேம் ரேகன்' என்றுதான் பேசுகிறார்கள்.

வேற்றுமைப்பிரியன்:
ரொட்டி வாங்க அது போதும் ஐயா. மருத்துவமனையில் போதாது. 'இம் பெட்' என்றால் படுக்கையில், 'இன்ஸ் பெட்' என்றால் படுக்கைக்கு. நோயாளி எங்கே இருக்கிறார், எங்கே போகிறார் என்பது இந்தச் சிறு மாற்றத்தில்தான் இருக்கிறது. இப்படி இரண்டு வேற்றுமைகளை ஏற்கும் முன்னிடைச் சொற்கள் ஒன்பது. தமிழருக்கு இது புதிதா என்ன? 'இல்', 'கு' என்று நாம் பிறந்ததிலிருந்து பிரித்துப் பேசுகிறோமே! 'எனக்குக் குளிர்கிறது' என்பதை அப்படியே 'மீர் இஸ்ட் கால்ட்' என்கிறார்கள். ஆங்கிலம் வழியாகப் போனவர் 'இஷ் பின் கால்ட்' என்பார். அது 'நான் நெஞ்சில் ஈரமில்லாத ஆள்' என்பதுபோல் ஒலிக்கும். 'உனக்கு உதவுகிறேன்' என்பதும் 'இஷ் ஹெல்ஃபெ டீர்'தான். 'டீர்' என்றால் உனக்கு. நான்காம் வேற்றுமை நம் கையிலேயே இருக்கும்போது அட்டவணைக்கு ஏன் அஞ்ச வேண்டும்?

லைப்சிக்வாசி:
அதே தமிழ்தான் என்னைக் கவிழ்த்தது. 'உனக்குப் போன் செய்கிறேன்' என்ற பழக்கத்தில் இரண்டு ஆண்டுகள் 'இஷ் ரூஃபெ டீர் ஆன்' என்றே சொல்லிவந்தேன். 'டிஷ்', அதாவது 'உன்னை' என்பதே சரி. ஒருமுறை மேலாளர் 'ஹால்ப் ட்ரை'க்கு வரச் சொன்னார். மூன்றரை என்று எண்ணிப் போனேன். அது இரண்டரை! ஒரு மணி நேரம் காத்திருந்தவரின் முகத்தை இன்றும் மறக்க முடியவில்லை. இதை எந்த வேற்றுமை அட்டவணை கற்றுத் தரும்?

சூரிச் அக்கா:
தங்கச்சி, இங்கே சுவிஸில் போன் செய்வதற்கு 'டீர்' என்று சொல்பவர்கள் ஏராளம். பள்ளியில் பிள்ளைகள் எழுதும்போது மட்டும் 'டிஷ்' என்று திருத்துவார்கள். எந்த ஊருக்குப் போகிறீர்கள் என்பதையும் பாருங்கள்.

வேற்றுமைப்பிரியன்:
மணிக்கணக்கை ஒப்புக்கொள்கிறேன், அது காதால்தான் வரும். ஆனால் 'டீர்' தவறு, 'டிஷ்' சரி என்று உங்களால் இன்று விளக்க முடிகிறதே, அது எந்த அறிவினால்? தாமரை, ஒவ்வொரு பெயர்ச்சொல்லையும் அதன் பாலோடு சேர்த்தே படியுங்கள். டெர் லோஃபல், டி காபல், டஸ் மெஸர். கரண்டி ஆண், முட்கரண்டி பெண், கத்தி இரண்டுமில்லை. காரணம் தேடினால் கிடைக்காது. சேர்த்து மனதில் பதித்தால்தான் உண்டு.

தாமரை:
'எனக்குத் தலை வலிக்கிறது' என்பதை 'மீர் டூட் டெர் கோப்ஃப் வே' என்று எழுதிப் பார்த்தேன். சரியா?

வேற்றுமைப்பிரியன்:
மிகச் சரி. 'மீர்' முதலில் வந்தும் 'டூட்' என்ற வினை இரண்டாம் இடத்தை விடவில்லை, பார்த்தீர்களா?

லைப்சிக்வாசி:
இடத்தைப் பிறகு எண்ணலாம். 'வாஸ் டூட் ஈனன் வே?', உங்களுக்கு என்ன வலிக்கிறது? இதை இன்றிரவே பத்து முறை வாய்விட்டுச் சொல்லுங்கள் சகோதரி. பணியில் சேரும் முதல் நாளே கேட்க வேண்டியிருக்கும்.