ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்குத் தமிழ்ப் புத்தகம், விளையாட்டுச் சாமான்: எதை வாங்கலாம்?

கேட்டவர்: கொழிஞ்சாம்பாறை அம்மா

எல்லோருக்கும் வணக்கம். நாங்கள் பாலக்காடு மாவட்டம், கொழிஞ்சாம்பாறை பக்கம். வீட்டில் தமிழ்தான், ஆனால் பக்கத்தில் இருக்கிறது என்பதால் மகளை மலையாள மீடியத்தில் சேர்த்தோம். இப்போது மலையாளம் எழுத்துக் கூட்டி நன்றாகவே வாசிக்கிறாள். தமிழில் வாய் ஓயாமல் பேசுகிறாள், படிக்கத்தான் ஒரு எழுத்தும் தெரியாது. அடுத்த மாதம் அவளுக்கு ஆறு வயது முடிகிறது. என்ன வாங்கிக் கொடுக்கலாம் என்று சொந்தக்காரர்கள் எல்லோரும் கேட்கிறார்கள், அவள் பெரியப்பா ஒரு டேப்பும் அதில் படிப்பு ஆப்பும் வாங்கித் தருகிறேன் என்று நிற்கிறார். எனக்கு மனசு வரவில்லை. தமிழ்ப் புத்தகம் சிலது, வீட்டில் எல்லோரும் சேர்ந்து விளையாட ஒன்றிரண்டு, இவ்வளவுதான் என் ஆசை. பட்டனை அழுத்தினால் பாட்டுப் பாடும் புத்தகங்கள் கடையில் தொங்குகின்றனவே, அவை பிரயோஜனப்படுமா? வீட்டில் ஒன்றரை வயதுத் தம்பியும் இருக்கிறான், கையில் கிடைத்ததெல்லாம் வாய்க்குத்தான் போகும். எல்லாம் சேர்த்து ஆயிரத்தைந்நூறு ரூபாய்க்குள் முடிய வேண்டும். அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

பதில்: வேலந்தாவளம் அக்கா

தங்கச்சி, உங்கள் நிலைமைதான் எங்கள் வீட்டிலும். எனக்கு இரண்டு பெண்கள், இரண்டு பேரும் மலையாள மீடியம், இரண்டு பேரும் இன்று தமிழ் படிக்கிறார்கள். அதனால் தயங்காமல் சொல்கிறேன்: ஒரே கதையைத் தமிழில் ஒன்று, மலையாளத்தில் ஒன்று என்று இரண்டு பிரதி வாங்குங்கள். வீண் செலவு என்று வீட்டில் சொல்வார்கள், காதில் போட்டுக்கொள்ள வேண்டாம். சென்னை தூலிகா பதிப்பகம் 1996-இலிருந்து இப்படித்தான் ஒரே படக்கதையைத் தமிழ், மலையாளம், தெலுங்கு என்று பல மொழியில் போடுகிறது. நேஷனல் புக் டிரஸ்டின் நேரு பால புஸ்தகாலயா வரிசையிலும் அதே மாதிரி கிடைக்கும், விலையும் குறைவு. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் விரித்து வையுங்கள். அவள் மலையாளத்தில் ஒரு பக்கம் வாசிக்கட்டும், அதே பக்கத்தை நீங்கள் தமிழில் விரல் வைத்து வாசியுங்கள். அடுத்த வரியில் என்ன வரப்போகிறது என்று அவளுக்கு முன்பே தெரியும், அதனால் எழுத்தோடு மட்டும் மல்லுக்கட்டினால் போதும், கதையோடும் மல்லுக்கட்ட வேண்டியதில்லை. அதோடு மலையாளத்தில் க வரிசைக்கு மட்டும் நான்கு எழுத்து படித்த பிள்ளை, தமிழில் அந்த இடத்தில் ஒன்றுதான் என்று பார்த்ததும் தைரியமாகிவிடுவாள். ழ, ள, ற, ண எல்லாம் அவள் நாக்குக்குப் பழகியவைதானே. என் சின்னவள், "அம்மா, தமிழில் இவ்வளவுதானா?" என்று கேட்டுவிட்டு அடுத்த பக்கத்தைத் தானே திருப்பினாள்.

கடையில் எடுக்கும்போது முதல் பக்கத்தைக் குழந்தைக்குச் சொல்வதுபோல வாய்விட்டுப் படித்துப் பாருங்கள். உங்கள் நாக்கே தடுக்கினால் வைத்துவிட்டு வாருங்கள். குழந்தைப் புத்தகம் என்று போட்டுவிட்டு மேடைத் தமிழில் எழுதுகிறவர்கள் நிறையப் பேர். கடைசியில் கட்டம் கட்டி நீதி சொல்லும் புத்தகங்களும் எனக்கு ஆகாது, நல்ல கதையைக் கேட்டு முடித்த பிள்ளையை உடனே பரீட்சைக்கு உட்கார வைக்கிற வேலை அது. பாரதி புத்தகாலயத்தின் புக்ஸ் ஃபார் சில்ரன் வெளியீடுகளில் மெல்லிய புத்தகங்கள் உண்டு, ஒரே மூச்சில் படித்து முடிக்கலாம், ஆறு வயசுக்கு அதுதான் வேண்டும். ஜூலையில் கோவை கொடிசியாவில் புத்தகத் திருவிழா நடக்கும்போது குழந்தையையும் கூட்டிக்கொண்டு போங்கள். அவள் கையால் எடுத்த புத்தகத்தை அவள் கீழே வைக்க மாட்டாள்.

கையில் காசு குறைந்தால் பிரதம் புக்ஸின் ஸ்டோரிவீவர் தளம் இருக்கிறது, 2015-இல் தொடங்கியது, முழுக்க இலவசம். ஒரே கதையைத் தமிழிலும் மலையாளத்திலும் தேடி எடுக்கலாம், கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமம் என்பதால் பிரிண்ட் போடுவதற்கும் தடையில்லை. ஜெராக்ஸ் கடையில் கலரில் எடுத்து நடுவில் பின் அடித்துக் கொடுங்கள். போனிலேயே காட்டிவிடலாமே என்று மட்டும் நினைக்காதீர்கள்.

ஆப் விஷயம். என் நாத்தனார் வீட்டுக்கு இப்படித்தான் ஒரு கம்பெனி ஆள் வந்து உட்கார்ந்து, பிள்ளையிடம் நாலு கேள்வி கேட்டு, ரொம்பப் பின்தங்கி இருக்கிறான் என்று பெற்றவர்களைப் பயமுறுத்தி, டேப்பையும் கோர்ஸையும் தவணையில் தலையில் கட்டிவிட்டுப் போனார். தவணை முடிவதற்குள் அந்தப் பையனுக்கு அது அலுத்துவிட்டது, பணம் மட்டும் மாதாமாதம் போய்க்கொண்டே இருந்தது. பெற்றவர்களின் பயத்தைக் காசாக்கும் இந்த வியாபாரத்தைப் பார்த்தாலே எனக்குக் கோபம் வருகிறது. இன்னொன்று, டேப் வந்தால் தம்பியும் அதைத்தான் பார்ப்பான். ஒரு வயசுக் குழந்தைக்குத் திரையே வேண்டாம், இரண்டிலிருந்து நான்கு வயசு வரை நாளுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 2019-இலேயே சொல்லிவிட்டது. பெரியப்பாவிடம் பதமாகச் சொல்லுங்கள், அந்தப் பணத்தில் பத்தில் ஒரு பங்குக்குப் புத்தகம் வாங்கித் தரட்டும்.

விளையாட என்றால் பல்லாங்குழி, அதற்கு மேல் எனக்கு வேறு எதுவும் தோன்றவில்லை. 14 குழி, குழிக்கு ஐந்து முத்து, மொத்தம் 70. ஒரு குழியை அள்ளி ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டே போவதும், நாலு சேர்ந்ததும் "பசு" என்று எடுத்துக்கொள்வதும் ஆறு வயசுக்குச் சுலபமாகப் பிடிபடும். கொஞ்ச நாளில் அள்ளுவதற்கு முன்பே, இது எங்கே போய் முடியும் என்று கண்ணாலேயே எண்ணிப் பார்ப்பார்கள், அந்தக் கணக்கை எந்த ஒர்க்‌ஷீட்டும் சொல்லித் தராது. பாட்டி இருந்தால் எதிரில் அவரை உட்கார வையுங்கள்.

பதில்: நகரிக்காரர்

நாங்கள் ஆந்திரப் பக்கம், திருத்தணி தாண்டியதும் வருகிற நகரி. பையன் பள்ளியில் தெலுங்கு, வீட்டில் தமிழ். ஒரே கதையை இரண்டு மொழியில் வாங்கும் யோசனை தெலுங்குக்கும் அப்படியே பொருந்தும், நாளைக்கே தேடப்போகிறேன்.

அக்கா விட்டுப்போன ஒன்றை மட்டும் சொல்கிறேன் சகோதரி. பாட்டுப் பாடும் புத்தகம் தம்பி இருக்கும் வீட்டுக்கு வேண்டவே வேண்டாம். உள்ளே இருப்பது பட்டன் பேட்டரி, காசு மாதிரிச் சின்ன வட்டமானது. அது தொண்டைக்குக் கீழே சிக்கினால் இரண்டு மணி நேரத்துக்குள் உணவுக்குழாயைப் புண்ணாக்கிவிடும், விழுங்கியதாகச் சந்தேகம் வந்தாலே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். வேறு பொம்மை எதிலாவது பேட்டரி இருந்தால் மூடியில் ஸ்க்ரூ இருக்கிறதா என்று பாருங்கள், நகத்தால் திறக்க முடிந்தால் வாங்காதீர்கள். 2021 ஜனவரி 1 முதல் பொம்மைகளுக்கு ஐஎஸ்ஐ முத்திரை கட்டாயம், திருவிழாக் கடைகளில் பெரும்பாலும் இருக்காது. பிள்ளை தொண்டையில் சிக்குமா என்று சின்ன உருப்படிகளைப் போட்டுச் சோதிக்கிற உருளையின் விட்டம் சுமார் 32 மில்லிமீட்டர், அதாவது பத்து ரூபாய் நாணயத்தைவிடக் கொஞ்சம் பெரிது. அதற்குள் முழுசாகப் போகிற எதுவும் மூன்று வயசுக்குக் கீழே உள்ள பிள்ளை கையில் இருக்கக் கூடாது.

தம்பிக்கும் ஏதாவது வாங்க நினைத்தால் எங்கள் மாநிலத்து ஏடிகொப்பாகா மரப் பொம்மை பாருங்கள். கடைசலில் சுழலவிட்டு அரக்கில் இயற்கைச் சாயம் கலந்து பூசுவார்கள், 2017-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்த மாதிரிக் கைவினைப் பொம்மைகளுக்கு ஐஎஸ்ஐ விதியிலிருந்து விலக்கு உண்டு, முத்திரை இல்லையே என்று சந்தேகப்பட வேண்டாம். கழன்று விழும் துண்டு இல்லாததாகப் பார்த்து எடுங்கள்.

கொழிஞ்சாம்பாறை அம்மா

அக்கா, அண்ணா, இரண்டு பேருக்கும் ரொம்ப நன்றி. பெரியப்பாவிடம் பேசிவிட்டேன், முகம் கொஞ்சம் சுண்டியது, ஆனால் சரி என்றுவிட்டார். என் மாமியாரிடம் பழைய பல்லாங்குழிப் பலகையே இருக்கிறது! கூடவே ஒரு டப்பா நிறையக் குன்றிமணியும் மஞ்சாடியும் வைத்திருக்கிறார். அதையே வைத்து ஆடலாமா?

பதில்: மூணாறு டீச்சர்

குன்றிமணியை இன்றைக்கே வீட்டை விட்டு வெளியேற்றுங்கள். ஒரு முனை மட்டும் கறுப்பாக இருக்குமே, அதுதான் குன்றிமணி. கடித்தோ உடைத்தோ விழுங்கினால் கடும் விஷம், பெரியவளுக்கும் ஆகாது. மஞ்சாடி முழுச் சிவப்பு. ஆனால் அதுவும் தம்பி தொண்டையில் சிக்கிக்கொள்ளும், வாயில் போடுவதற்கும் நல்லதல்ல. புளியங்கொட்டையோ சோழியோ எடுத்துக்கொள்ளுங்கள், அதையும் தம்பி தூங்கும்போது மட்டும் ஆடி, எண்ணிப் பார்த்து டப்பாவில் போட்டு மேலே வைத்துவிடுங்கள். எழுபதும் இருக்கிறதா என்று எண்ணும் பொறுப்பை மகளிடமே கொடுக்கலாம்.

படிப்பதற்கு இன்னும் இரண்டு வழி. கேரளத்துத் தமிழ் மீடியம் பள்ளிகளுக்கு எஸ்சிஇஆர்டி (பாடநூல் தயாரிக்கும் மாநில அரசு அமைப்பு) தனியாகப் பாடநூல் போடுகிறது, இணையத்தில் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். ஒன்றாம் வகுப்புத் தமிழ்ப் புத்தகத்தைப் பாடமாக நடத்தாமல் கதைப் புத்தகம்போலப் புரட்டவிடுங்கள். அப்புறம் உங்கள் ஊர் வாயனசாலை, அதாவது நூலகம். மாநில லைப்ரரி கவுன்சில் தரும் கிராண்ட் பணம் வரும்போது புதிய புத்தகம் எடுப்பார்கள், அந்தச் சமயத்தில் தமிழ்க் குழந்தைப் புத்தகம் வேண்டும் என்று எழுதிக் கொடுங்கள். வாய்ச்சொல்லாகக் கேட்டால் மறந்துவிடுவார்கள். உங்களைப்போல நாலு அம்மாக்களின் கையெழுத்தும் அதில் இருந்தால் செக்ரட்டரி தட்ட முடியாது, ஜூன் 19 வாயனா தினத்துக்கு (வாசிப்பு நாள்) முன்னால் கொடுத்தால் இன்னும் நல்லது.