போருக்காக அணியைத் தடுக்கலாம். ஆய்வுக் கட்டுரையையும் தடுக்கலாமா?

கேள்வி: குமுளி வாலிபால் வாத்தியார்

உடற்கல்வி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். வீடு குமுளியில். படிக்கும் பேப்பர் தமிழ், ரேஷன் கார்டு மலையாளம்.

ரஷ்யப் படை உக்ரைனுக்குள் நுழைந்தது 2022 பிப்ரவரி 24. ஃபிஃபாவும் ஐரோப்பியக் கால்பந்துச் சங்கமும் ரஷ்ய அணிகளை வெளியே நிறுத்தியது 28-ஆம் தேதி. நான்கே நாள். அந்த வேகத்தை நான் குறை சொல்லவில்லை. தேசிய அணி என்பதே கொடி ஏற்றவும் கீதம் பாடவும், ஜெயித்தால் மந்திரி தோளில் கைபோட்டுப் படம் எடுத்துக்கொள்ளவும் இருப்பதுதான். அந்தக் கொடிக்காக ஆடுகிறவன் அதன் பழியையும் சுமக்கட்டும்.

எனக்குச் செரிக்காதது விம்பிள்டன். டென்னிஸ்காரர் அங்கே தனக்காக ஆடுகிறார். அப்படியிருந்தும் 2022-இல் ரஷ்ய, பெலாரஸ் ஆட்டக்காரர்களை உள்ளே விடவில்லை. ஆடவர் சங்கமும் மகளிர் சங்கமும் கோபித்துக்கொண்டு, அந்த ஆண்டுப் போட்டிக்குத் தரவரிசைப் புள்ளியே கிடையாது என்று சொல்லிவிட்டன. மகளிர் கோப்பையை வாங்கியவர் யார்? மாஸ்கோவில் பிறந்து கஜகஸ்தானுக்காக ஆடும் எலினா ரைபாகினா! மறு ஆண்டே தடையை விலக்கிக்கொண்டார்கள்.

சதுரங்கத்தில் கொஞ்சம் நிதானம் இருந்தது. மாஸ்கோவில் நடக்கவேண்டிய ஒலிம்பியாட் நம் மாமல்லபுரத்துக்கு வந்தது. ரஷ்ய அணி இல்லை. மகளிர் தங்கம் உக்ரைனுக்குப் போனது. போரை ஆதரித்துப் பேசிய ரஷ்ய ஆட்டக்காரர் கர்யாகினுக்கு ஆறு மாதத் தடை. உலகப் பட்டத்துக்கு மோதுகிறவரைத் தேர்ந்தெடுக்கும் கேண்டிடேட்ஸ் போட்டியில் அவர் இல்லாததால் நுழைந்த டிங் லிரென் உலக சாம்பியனாகி, 2024-இல் குகேஷிடம் பட்டத்தை இழந்தார் என்பது தனிக்கதை. நான் சொல்ல வந்தது வேறு: கர்யாகினைத் தடுத்தது அவருடைய வாய்க்காக, பாஸ்போர்ட்டுக்காக அல்ல. அதே ரஷ்யாவின் நெப்போம்னியாச்சி 2023 உலகப் பட்டப் போட்டியில் நாட்டுக் கொடி இல்லாமல் ஆடினார்.

இப்போது என் சந்தேகம். 'ஜர்னல் ஆஃப் மாலிக்குலர் ஸ்ட்ரக்சர்' என்ற வேதியியல் இதழ், ரஷ்ய நிறுவனங்களிலிருந்து வரும் கட்டுரைகளைப் பரிசீலிக்கவே மாட்டோம் என்று 2022 மார்ச்சில் முடிவெடுத்தது. ஆய்வுக்கூடத்தில் உட்கார்ந்து மூலக்கூறை அளந்தவன் எந்தக் கொடியைத் தூக்கினான்?

எல்லையில் இருப்பவனுக்கு இது வெறும் வெளிநாட்டுச் செய்தி அல்ல. 2011 டிசம்பரில் முல்லைப்பெரியாறு தகராறு முற்றியபோது, வண்டியின் பதிவெண்ணைப் பார்த்துக் கல்லெறிந்தார்கள். இரண்டு பக்கமும்தான். கம்பத்திலிருந்து ஜீப்பில் ஏலத்தோட்டத்துக்கு வரும் பெண்கள் கூலியில்லாமல் வீட்டில் கிடந்தார்கள். தண்ணீர் 136 அடியில் நிற்பதா 142 அடியில் நிற்பதா என்பதை அவர்களா முடிவு செய்தார்கள்? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பதில் 1: வண்டிப்பெரியாறு ஆய்வு மாணவி

வணக்கம் சார். கட்டுரைக்கும் கொடி உண்டு. ஆசிரியர் பெயருக்கு அடியில் வரும் நிறுவனத்தின் பெயர்தான் அது. 2022 மார்ச்சில் ரஷ்யப் பல்கலைக்கழகத் துணைவேந்தர்களின் சங்கமே போரை ஆதரித்து அறிக்கை விட்டது. அதனால் நிறுவனங்கள் ஒன்றுமறியாதவை என்று சொல்லிவிட முடியாது. உக்ரைன் விஞ்ஞானிகள் பலர் புறக்கணிப்பு கேட்டதில் எனக்கு வியப்பில்லை.

என் துறையில் நடந்ததைச் சொல்கிறேன். ஜெனீவாவில் உள்ள செர்ன் ஆய்வுக்கூடத்தில் ஒரு கட்டுரைக்கு மூவாயிரம் பேர்வரை ஆசிரியர்கள். அதில் ரஷ்ய நிறுவனங்களின் பெயரை எப்படிப் போடுவது என்று தகராறு வந்து, அணுத்துகள்களை மோதவிடும் பெரிய மோதுகலனில் செய்த ஆய்வுகள் ஓராண்டு அளவுக்கு இதழ்களில் வராமல் கிடந்தன. ஆசிரியர் பட்டியலே இல்லாமல் முன்வரைவாக மட்டும் இணையத்தில் போட்டார்கள். 2023-இல் ஒரு வழி கண்டார்கள்: ஆளின் பெயர் இருக்கும், நிறுவனத்தின் பெயர் இருக்காது, செர்னுடன் ஒப்பந்தம் உள்ள ஒரு நிறுவனத்தைச் சேர்ந்தவர் என்று பொதுவாக ஒரு வரி வரும். உங்கள் நெப்போம்னியாச்சி கணக்குதான், சார். எனக்கு அது சரியாகவே படுகிறது. 'நேச்சர்' இதழும் எந்த நாட்டவர் கட்டுரையையும் பரிசீலிப்போம் என்று 2022-இலேயே எழுதிவிட்டது. ஆனால் செர்ன் அத்தோடு நிற்கவில்லை. 2024 நவம்பர் 30-உடன் ரஷ்யாவுடனான ஒப்பந்தத்தையே முடித்துக்கொண்டது.

ஒரு புலம்பலும் உண்டு. ஆய்விதழ்களை வெளியிடும் எல்செவியர் நிறுவனம் ரஷ்யாவில் விற்பனையை நிறுத்தியது உலகச் செய்தி ஆயிற்று. நாங்கள் போர் எதுவும் செய்யாமலே வெளியே நிற்கிறோம். ஆய்விதழ்களைப் படிக்க அரசே சந்தா கட்டும் 'ஒரு தேசம் ஒரு சந்தா' திட்டத்துக்கு மூன்று ஆண்டுகளுக்கு 6,000 கோடி ரூபாய் ஒதுக்கினார்கள்; அது அரசு நிறுவனங்களுக்கு. நான் படிப்பது சுயநிதிக் கல்லூரி. ஒரு கட்டுரை வேண்டுமென்றால் எழுதியவருக்கே மின்னஞ்சல் போட்டுக் கேட்கிறேன். ரஷ்யர்களும் அனுப்பித் தருகிறார்கள், தாமதமில்லாமல்.

பதில் 2: கம்பம் திராட்சைக்காரன்

வாத்தியாரய்யா, உங்கள் மனசு நல்ல மனசு. ஆனால் வலிக்காத தடை தடையே அல்ல. நல்லவன், கெட்டவன் என்று ஒவ்வொருவராகப் பிரித்துக்கொண்டிருந்தால் எந்த அரசுக்கு உறைக்கும்? தென்னாப்பிரிக்காவை 1964 முதல் 1992 வரை ஒலிம்பிக்கில் சேர்க்கவில்லை. 1974-இல் டேவிஸ் கோப்பை டென்னிஸ் இறுதியாட்டத்தில் தென்னாப்பிரிக்காவோடு ஆடமாட்டோம் என்று இந்தியா கோப்பையையே விட்டுக்கொடுத்தது. நம் சென்னை அமிர்தராஜ் சகோதரர்களுக்கு அதுபோல் இன்னொரு வாய்ப்பு எளிதில் வருமா? விட்டார்கள்.

2013 ஐபிஎல் போட்டியில் இலங்கை வீரர்கள் சென்னையில் ஆடக்கூடாது என்று முடிவானபோது இந்த ஊரில் முதலில் கைதட்டியவன் நான். முரளிதரன் தமிழராயிற்றே என்றார்கள். இலங்கைச் சட்டை போட்டு ஆடியவர்தானே என்றேன். இன்றைக்குக் கேட்டாலும் அதையேதான் சொல்வேன்.

என் ஆத்திரமெல்லாம் வேறு. ரஷ்யாவுக்கு நான்கு நாளில் கதவைச் சாத்திய ஃபிஃபா, இஸ்ரேலை நிறுத்துங்கள் என்று பாலஸ்தீனக் கால்பந்துச் சங்கம் 2024 மே மாதம் கேட்டபோது சட்ட ஆலோசனை, விசாரணை என்று இழுத்தது. கட்டுரையைத் தடுக்கலாமா என்று பேசும் முன், தடுக்கிறவனுக்கு ஒரே தராசு இருக்கிறதா என்று கேளுங்கள்.

கேள்வி கேட்டவர்: குமுளி வாலிபால் வாத்தியார்

தராசு விஷயத்தில் உங்களோடு எனக்கு வழக்கே இல்லை, தம்பி.

தென்னாப்பிரிக்காவை எடுத்தீர்கள், நல்லது. அந்தக் காலத்தில்தான் அந்நாட்டு கோல்ஃப்காரர் கேரி பிளேயர் 1974-இலும் 1978-இலும் அமெரிக்காவில் மாஸ்டர்ஸ் கோப்பையை வென்றார். அணிக்குக் கதவு சாத்தியிருந்தது, ஆளுக்குத் திறந்திருந்தது. அதனால் தடையின் வலி குறைந்ததாக யாரும் சொல்லவில்லையே. முரளி சென்னைக்கு வரவிருந்தது இலங்கைச் சட்டையில் அல்ல, பெங்களூர் சட்டையில். இதற்குப் பதில் சொல்லுங்கள்.

அம்மா, நீங்கள் சொன்ன செர்ன் வழி எனக்குப் பிடித்திருக்கிறது. இன்னொன்று கேட்கவேண்டும்: நிறுவனத்தின் பெயர் இல்லாமல் வெளிவந்த கட்டுரையை அந்த ரஷ்யப் பையன் தன் ஊரில் வேலைக்கோ பதவி உயர்வுக்கோ காட்ட முடிகிறதா? உங்களுக்குக் கட்டுரை அனுப்புகிறவர்களிடம் விசாரித்து எழுதுங்கள்.